பேரப்பிள்ளைகளின் தலையில் பேன்: பலன் தரும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் பொறுப்பு பெரும்பாலும் தாத்தா பாட்டியிடமே இருக்கிறது. அதனால் பேத்தியின் தலையில் பேன் இருப்பதை முதலில் பார்ப்பவரும் நீங்களாக இருக்கலாம். "என்ன மருந்து போடுவது?" என்ற கேள்வியும் முதலில் உங்களிடம்தான் வரும்.

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று ஒரு பழமொழி உண்டு. தலைப்பேன் அப்படிப் பெரிதுபடுத்த வேண்டிய ஒன்றன்று. அது எந்த நோயையும் பரப்புவதில்லை. ஆனால் அதைப் போக்கச் செய்யும் சில வைத்தியங்கள் பிள்ளையின் கண்ணையும், தோலையும், சில நேரங்களில் உயிரையும்கூடப் பாதிக்கக்கூடும். எனவே எந்தச் சிகிச்சை பலன் தரும், எது பலன் தராது, எது ஆபத்தானது என்று தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

பேனைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவே இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். அதற்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. முடியைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்ல மட்டுமே அதனால் முடியும். ஒரு தலை இன்னொரு தலையுடன் நேரடியாக ஒட்டும்போதுதான் அது பெரும்பாலும் பரவுகிறது. பிள்ளைகள் ஒன்றாக விளையாடும்போதும், ஒரே கைப்பேசியைச் சேர்ந்து பார்க்கும்போதும், ஒரே தலையணையில் படுக்கும்போதும் இது நடக்கும்.

பேன் வருவதற்கு அழுக்கு காரணமன்று. தினமும் தலைகுளிக்கும் பிள்ளைக்கும் பேன் வரும். யாருடைய வளர்ப்பையும் இதற்காகக் குறைசொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சையைப் புரிந்துகொள்ள, பேனின் வாழ்க்கைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்:

• பெண் பேன் ஒரு நாளில் 8 ஈர் வரை இடும். அவற்றைத் தலைத்தோலுக்கு மிக அருகில், முடியோடு பசைபோல் ஒட்டிவைக்கும்.
• ஈர் பொரிய ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும்.
• பொரித்த குஞ்சு வளர்ந்து, தானும் ஈர் இடத் தொடங்க மேலும் 9 முதல் 12 நாள் ஆகும்.
• வளர்ந்த பேன் தலையில் ஏறத்தாழ ஒரு மாதம் உயிர்வாழும். தலையைவிட்டு விழுந்தால், இரத்தம் கிடைக்காமல் 1 அல்லது 2 நாளில் இறந்துவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. இன்று தலையில் ஓடும் பேன்களையெல்லாம் கொன்றாலும், ஒட்டியிருக்கும் ஈர்கள் அடுத்த வாரம் பொரிக்கும். ஆகவே ஒரே ஒரு முறை செய்யும் சிகிச்சை பெரும்பாலும் போதாது. பொரித்த குஞ்சுகள் வளர்ந்து ஈர் இடுவதற்குள் இரண்டாம் முறை செய்ய வேண்டும். சிகிச்சையின் வெற்றி இந்த இரண்டாம் முறையில்தான் இருக்கிறது.

முதல் படி: உயிருள்ள பேன் இருக்கிறதா என்று பாருங்கள்

அரிப்பு இருந்தாலே பேன் என்று முடிவுசெய்ய வேண்டாம். பொடுகு, வேர்க்குரு, ஷாம்புவால் வரும் ஒவ்வாமை ஆகியவையும் அரிப்பைத் தரும். மறுபுறம், முதல் முறையாகப் பேன் வந்த பிள்ளைக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரங்கள்கூட ஆகலாம்.

ஈரையும் பொடுகையும் பிரித்தறிவது எளிது. விரலால் தட்டினால் பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டு நகராது. பழுப்பு நிறத்தில், தலைத்தோலை ஒட்டி இருக்கும் ஈரில் உயிர் இருக்கலாம். தலைத்தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி, வெள்ளையாகத் தெரிபவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடுகள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், அவை பழைய ஈர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

உயிருள்ள பேன் ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகே மருந்து போட வேண்டும். வெறும் ஓடுகளைப் பார்த்து மருந்து போடுவது, வேண்டாத இரசாயனத்தைப் பிள்ளையின் தலையில் பூசுவதாகும்.

சோதிக்கும்போது பிள்ளையைச் சன்னல் அருகே, நல்ல வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். வாசிப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். காதுகளுக்குப் பின்புறமும் பிடரியும் பேன் அதிகம் இருக்கும் இடங்கள். பார்வை மங்கலாக இருந்தால், பிள்ளையின் பெற்றோரையோ இல்லப் பணிப்பெண்ணையோ உடனிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சிகிச்சையிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

தெரிந்தவர்கள் சொன்னாலும், கடைக்காரர் சொன்னாலும், வாட்ஸ்ஆப் செய்தியில் வந்தாலும், எந்தச் சிகிச்சையையும் இந்த 3 கேள்விகளால் சோதியுங்கள்:

1. அது உயிருள்ள பேனைக் கொல்கிறதா, அல்லது தலையிலிருந்து அகற்றுகிறதா?
2. பிறகு பொரிக்கும் குஞ்சுகளுக்கு அதில் என்ன வழி இருக்கிறது?
3. இந்த வயதில், இந்த உடல்நிலையில் உள்ள பிள்ளைக்கு அது பாதுகாப்பானதா?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் மட்டுமே அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஈரத் தலையில் பேன்சீப்பு

நம் வீடுகளில் வழிவழியாக இருந்துவரும் முறை இது. இன்றைய மருத்துவமும் இதை ஏற்றுக்கொள்கிறது. இதில் இரசாயனம் இல்லை. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடச் செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும்.

• தலையை ஷாம்பு போட்டு அலசுங்கள். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். வழுவழுப்பான ஈர முடியில் பேனால் எளிதில் ஓட முடியாது.
• முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கு எடுங்கள்.
• பற்கள் மிக நெருக்கமாக உள்ள பேன்சீப்பை எடுத்து, தலைத்தோலைத் தொட்டபடி வைத்து, முடியின் நுனிவரை இழுங்கள். முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.
• ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் சீப்பை வெள்ளைத் துணியிலோ மெல்லிழைத் தாளிலோ துடைத்துப் பாருங்கள்.
• கண்டிஷனரை அலசிவிட்டு, இன்னொரு முறை சீவுங்கள்.

குட்டை முடிக்கு 10 நிமிடம் போதும். நீளமான, சுருண்ட அல்லது அடர்ந்த முடிக்கு அரைமணி நேரம்வரை ஆகலாம். கைவலி இருந்தால் இடையிடையே ஓய்வெடுங்கள். பிள்ளைக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே சீவினால் நேரம் போவது தெரியாது.

இதை 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் செய்ய வேண்டும். 17ஆம் நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால், அடுத்து வியாழன், திங்கள், வெள்ளி, செவ்வாய்க்கிழமை சோதனை. நாள்காட்டியில் இந்த நாள்களை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாளை விட்டுவிட்டால், அதற்குள் குஞ்சுகள் வளர்ந்துவிடக்கூடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்துகள்

பேன் மருந்துகளின் பெயர்கள் பலவாக இருந்தாலும், உறையில் எழுதியிருக்கும் மருந்துப்பொருளின் பெயரே முக்கியம். எது கடையில் இருக்கிறது, எது உங்கள் பேரப்பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை மருந்தாளரிடம் கேளுங்கள்.

டைமெத்திகோன்: இது ஒரு சிலிகோன் வகைத் திரவம். பேனின் உடலைப் பூசி மூடி, அதனால் நீரை வெளியேற்ற முடியாமல் செய்து கொல்கிறது. இது நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி அன்று. எனவே வழக்கமான மருந்துகளுக்குப் பழகிப்போன பேனிடமும் வேலை செய்யும். எவ்வளவு நேரம் தலையில் வைத்திருப்பது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உறையைப் பாருங்கள். இது தீப்பற்றக்கூடியது. தலையை அலசும்வரை அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் ஆகியவற்றின் அருகே பிள்ளையை விடாதீர்கள்.

பெர்மெத்ரின் 1 விழுக்காடு: 2 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று ஏற்கப்பட்ட மருந்து இது. ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டிய முடியில் தடவி, 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். ஏறத்தாழ 9ஆம் நாளில் மீண்டும் போட வேண்டும். பல நாடுகளில் பேன்கள் இம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. ஆகவே ஒரு பிள்ளைக்கு நன்றாக வேலை செய்தது, இன்னொரு பிள்ளைக்குச் செய்யாமல் போகலாம்.

பைரெத்ரின்: சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. சாமந்தி இனப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

மாலத்தியோன்: வலிமையான மருந்து. சில தயாரிப்புகளில் ஆல்கஹால் இருப்பதால் எளிதில் தீப்பற்றும். முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்தக்கூடாது. 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஐவர்மெக்டின்: மற்றவை பலனளிக்காதபோது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்து. நீங்களாக வாங்கிக் கொடுக்கக்கூடாது.

லிண்டேன்: நரம்புக்குத் தீங்கு செய்யக்கூடிய பழைய மருந்து. வீட்டில் பழைய புட்டி இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

யாருக்கு எது பொருந்தும்?

• 2 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை: சீப்பு மட்டும். மருந்து வேண்டாம்.
• 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை: முதலில் சீப்பு. மருந்து போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.
• அதற்கு மேற்பட்ட பிள்ளைகள்: சீப்பு முறையோ, மருந்தாளர் பரிந்துரைக்கும் மருந்தோ. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.
• ஆஸ்துமா அல்லது தோல் அழற்சி உள்ள பிள்ளை: ஆல்கஹால் கலந்த மருந்தைத் தவிருங்கள். மருந்தாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.
• கர்ப்பிணியான மகள் அல்லது மருமகள்: சீப்பு முறை பாதுகாப்பானது. மருந்து வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே.

வீட்டு வைத்தியங்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?

தேங்காய் எண்ணெய்: தலைவாருவதற்கு உதவும். ஆனால் அது மட்டுமே பேனை முழுமையாகக் கொல்லும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சீவுவதற்கு உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய்: எல்லாத் தயாரிப்புகளின் வலிமையும் ஒன்றுபோல் இருப்பதில்லை, பலனும் உறுதியில்லை. பிள்ளையின் வாய்க்குள் போகவே கூடாது. 1980களின் தொடக்கத்தில், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சீத்தாப்பழ விதைப் பொடி: ஊரில் பலரும் பயன்படுத்திய வைத்தியம். ஆனால் இந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். இதனால் கடும் கண்வலியோடும் பார்வை மங்கலோடும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம்.

கற்பூரம், பூச்சி உருண்டை: கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பூச்சி உருண்டையின் வாடையே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்பட்டு வருகிறது. உங்கள் பேரப்பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய், கொசு மருந்து, கரப்பான் மருந்து: எக்காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். தோல் வெந்துபோகும், தீப்பற்றும், நச்சு உடலுக்குள் செல்லும்.

தலையைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது: மூச்சுத்திணறும் ஆபத்து உண்டு. குறிப்பாக, தூங்கும் பிள்ளைக்கு ஒருபோதும் செய்யாதீர்கள்.

மொட்டை அடிப்பது: பேன் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தேவையில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, அதுவும் பெண் பிள்ளைக்கு, அது மனத்தை வருத்தும் தண்டனையாகத் தோன்றலாம். வேண்டுதலுக்காகச் செய்வது வேறு. பேனுக்காகச் செய்வது வேறு.

"மருந்து போட்டும் போகவில்லையே!" ஏன்?

மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துத் தலையைப் பாருங்கள். பேன்கள் மெதுவாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, உடனே மறுபடியும் போட வேண்டாம், சீப்பால் எடுத்துவிடுங்கள். முன்புபோலவே சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்து பலிக்கவில்லை. அதையே அதிகமாகப் போடுவதில் பயனில்லை. மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ சொல்லி, வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.

மருந்தைக் குறைசொல்லுமுன் இவற்றையும் சரிபாருங்கள்:

• நீளமான முடிக்கு ஒரு புட்டி போதுமானதாக இருந்ததா? வேர் முதல் நுனிவரை நனைந்ததா?
• பெர்மெத்ரின் போடுமுன் கண்டிஷனரோ எண்ணெயோ தலையில் இருந்ததா? அவை மருந்து முடியில் படிவதைத் தடுக்கும்.
• தண்ணீர் சொட்டும் முடியில் போட்டீர்களா? மருந்து நீர்த்துப்போகும்.
• மருந்துக்குப் பின் 1 அல்லது 2 நாளுக்குள் தலைகுளித்தீர்களா?
• இரண்டாம் முறையைத் தவறவிட்டீர்களா?
• வீட்டில் இன்னொருவர் தலையில் பேன் இருந்து, மீண்டும் தொற்றியதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. வீட்டிலுள்ள எல்லார் தலையையும் ஒரே நாளில் சோதியுங்கள். பேரப்பிள்ளையோடு படுத்துறங்கும் உங்கள் தலையையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பேன் உள்ளவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குங்கள். பேன் இல்லாதவர்களுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று மருந்து போட வேண்டாம்.

வீட்டைச் சுத்தம் செய்வது எந்த அளவுக்கு?

பேன் தலையில்தான் வாழ்கிறது, வீட்டில் அன்று. எனவே கடந்த 2 நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பி ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்தால் போதும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். துவைக்க முடியாத பொம்மைகளைப் பையில் இறுகக் கட்டி 2 வாரம் ஒதுக்கிவையுங்கள். சீப்புகளைச் சுடுநீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். மெத்தையிலும் நாற்காலியிலும் மருந்து தெளிக்கத் தேவையில்லை. தெளிப்பது பிள்ளைகளுக்குத் தீங்கு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• தலையில் புண், சீழ், வீக்கம், காய்ச்சல் அல்லது கழுத்தில் நெறிகட்டி இருந்தால்
• இரண்டு முறை சரியாகச் சிகிச்சை செய்தும் உயிருள்ள பேன் இருந்தால்
• மருந்து போட்ட பின் தோல் சிவந்து தடித்தால்

மருந்து கண்ணில் பட்டால், சுத்தமான ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளை மண்ணெண்ணெய், கற்பூரம் அல்லது பேன் மருந்தை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் அல்லது வலிப்பு இருந்தால் 995ஐ அழையுங்கள்.

பிள்ளையின் மனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பேன் இருக்கிறது என்று உறவினர் முன்னால் சொல்வதோ, கேலி செய்வதோ பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கும். அடுத்த முறை அரித்தாலும் அது சொல்லாது. பாலர் பள்ளி ஆசிரியரிடமும் மாணவர் பராமரிப்பு நிலையத்திலும் தனியாகத் தெரிவியுங்கள். மற்றப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைச் சோதிக்க அது உதவும். பள்ளிக்கு அனுப்புவது பற்றி அங்குள்ள விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியும்வரை நீளமான முடியைப் பின்னிவிடுங்கள். சீப்பு, ரிப்பன், தொப்பி ஆகியவற்றை மற்றவரோடு பகிர வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

நினைவில் வைத்துக்கொள்ள

• உயிருள்ள பேனைப் பார்த்த பிறகே சிகிச்சை.
• வயதுக்கும் உடல்நிலைக்கும் பொருந்தும் முறையை மருந்தாளரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.
• இரண்டாம் முறையைத் தவறவிடாதீர்கள்.
• வீட்டில் பேன் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள்.
• மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சிமருந்து, சீத்தாப்பழ விதை வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், அருகிலுள்ள மருந்துக்கடையின் மருந்தாளரிடமோ, குடும்ப மருத்துவரிடமோ, பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள். போகும்போது, ஏற்கெனவே பயன்படுத்திய மருந்தின் உறையையும், நாள்களைக் குறித்துவைத்த நாள்காட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அவர்கள் விரைவாக முடிவுசெய்ய அது உதவும்.